டிரம் பார்க்கப் போனவள்

எங்கள் வார்டில் யாராவது "டிரம் வந்துச்சா பாத்துட்டு வா" என்று சொன்னால், போய் அழுதுவிட்டு வா என்று அர்த்தம். அழுகை வராதவர்களுக்கு, போய்ச் சற்று உட்கார்ந்துவிட்டு வா என்று அர்த்தம். என்னைப் போன்றவர்களுக்கு, யாரையாவது அடிப்பதற்கு முன்னால் இங்கிருந்து கிளம்பு என்று அர்த்தம்.

இந்த வார்த்தையால் ஒருத்தியின் வேலை போகப் பார்த்தது. வாயைத் திறந்து அதைச் சொன்னவள் நான். அதனால் நான்தான் எழுத வேண்டும்.

டிரம் என்றால் மேளம் இல்லை. வட்டமான எவர்சில்வர் டப்பா, பக்கத்தில் ஓட்டைகள். கட்டுத் துணி, பஞ்சு, வயிற்றுக் காயத்துக்கு வைக்கும் பெரிய பேடுகள் எல்லாவற்றையும் அதில் அடுக்கி, ஆட்டோகிளேவ் என்ற நீராவி இயந்திரத்தில் வைத்துக் கிருமி நீக்குவார்கள். எங்கள் வார்டு இரண்டாவது மாடியில் ஆண்கள் அறுவை சிகிச்சைப் பிரிவு. ஆட்டோகிளேவ் அறை கீழே, பின்பக்கம், ஜெனரேட்டரை ஒட்டி இருக்கிறது. லிஃப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும். இண்டர்காம் செத்து ஒரு வருடம் ஆகிறது. இயந்திரத்தில் அழுத்தம் இறங்காமல் மூடியைத் திறக்கவும் முடியாது. ஆகவே டிரம் பார்க்கப் போனவள் ஏன் லேட்டாக வந்தாள் என்று எந்த டாக்டரும் கேட்க மாட்டார். அந்த நேரம் எங்களுடையது.

நான் ஸ்டாஃப் நர்ஸ். திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவள். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஒரு டிரஸ்ட் மருத்துவமனையில் வேலை. பெயர் வேண்டாம். கண்டெய்னர் இறக்கும்போது விரல் போனவர்கள், காட்டுப்பள்ளிப் பக்கம் வெல்டிங் வேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்தவர்கள், வலை இழுக்கும் விஞ்சில் கை மாட்டியவர்கள், குடல்வால் வெடித்து மூன்று நாள் வீட்டிலேயே கிடந்துவிட்டு வந்தவர்கள், இவர்கள்தான் எங்கள் நோயாளிகள். நாற்பது கட்டிலுக்குப் பகலில் இரண்டு நர்ஸ். இது போதாது என்று எழுதிக் கொடுத்துக் கொடுத்து எனக்குக் கையெழுத்து நன்றாக வந்துவிட்டது. ஆள்தான் வரவில்லை.

டிரம் ஏற்பாட்டைத் தொடங்கியது எங்கள் ஆயாம்மா. எம்.கே.பி. நகர் குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர். பெட்பேன் எடுப்பது, நோயாளியைத் துடைப்பது, ரத்தத்தை லேபுக்குக் கொண்டு போவது, இறந்தவரைக் கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. வாய் மட்டும் யாருக்கும் அடங்காது. ஒரு முறை பெரிய டாக்டரைப் பார்த்தே, "இன்னா நைனா, இப்பதான் தொடச்சிகினு கீறேன், ஷூவோட வந்து மிதிக்கிற?" என்று கேட்டார். பெரிய டாக்டர் வெளியே போய்க் காலைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

நான் இந்த வார்டுக்கு வந்த முதல் மாதம் அது. டிரெய்லர் ஏறிக் கால் நசுங்கிய ஒருவரைக் கொண்டு வந்திருந்தார்கள். கூட வந்தவன் குடித்திருந்தான். டாக்டர் வரத் தாமதமானதற்கு என் கையைப் பிடித்துத் திருகினான். என் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னான். என் இன்னொரு கையில் கிட்னி டிரே என்ற எவர்சில்வர் தட்டு இருந்தது. அதை அவன் மூக்கில் இறக்கப் போகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

"சிஸ்டரு, டிரம் வந்துச்சா பாத்துகினு வா," என்றார் ஆயாம்மா.

"அதான் வந்துடுச்சே. தோ கீதே."

"அது வேற. நீ கீழ போய்ப் பாரு."

"எது வேற?"

"யம்மா, உனக்கு ஒரு தபா சொன்னா ஏறாதா? போன்னு சொல்றேன்ல. டிரேவ என்கிட்ட குட்துட்டுப் போ."

போனேன். ஆட்டோகிளேவ் அறையில் ஓர் அண்ணன் இருந்தார். ராயபுரத்துக்காரர், கடலுக்குப் போகும் குடும்பம், இவர் மட்டும் நீராவிக்கு வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. இன்னும் பத்து நிமிசம் ஆவும்," என்றார். இயந்திரம் ஓடவே இல்லை. சுவிட்ச் அணைந்திருந்தது. நான் அதைப் பார்ப்பதையும் அவர் பார்த்தார். திரும்பித் துணி மடிக்கத் தொடங்கிவிட்டார்.

அன்றைக்குத்தான் புரிந்தது. பிறகு மற்றதும் மெல்ல மெல்லத் தெரிந்தது. போனவளை யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. திரும்பி வந்தவளிடம் முகம் வீங்கியிருக்கிறதே என்று சொல்லக் கூடாது. போகச் சொல்பவர்தான் அவளுடைய கட்டில்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தானாக யாரும் "நான் டிரம் பார்க்கப் போகிறேன்" என்று சொல்வதில்லை, இன்னொருத்தர் பார்த்துச் சொல்ல வேண்டும். இதுதான் எனக்குப் பிடித்தது. தனக்கு முடியவில்லை என்று யாருமே வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவர் உன் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நிர்வாகமும் ஒரு முறை எங்கள் முகத்தைப் பார்த்தது. மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி என்று பயிற்சி வைத்தார்கள். டை கட்டிய ஒருவர் மைக்கோடு வந்தார். வேலையை நேசித்தால் களைப்பு வராது என்றார். மதியம் சாப்பிட விட்டிருந்தால் நேசித்திருப்போம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடற்கரையை நினைத்துப் பார்க்கச் சொன்னார்.

"எந்தக் கடலு சார்?" என்று பின் வரிசையிலிருந்து ஆயாம்மா கேட்டார்.

"உங்களுக்குப் பிடிச்ச எந்தக் கடலா இருந்தாலும் சரிம்மா."

"இல்ல, எண்ணூரு கடலுன்னா மூக்கப் பொத்திகினு நெனைக்கணும். அதான் கேட்டுக்கினேன்."

அரங்கமே சிரித்தது. உண்மையில் அந்த ஒரு மணி நேரத்தில் எங்கள் அழுத்தம் குறைந்தது அந்த ஒரு நிமிடம்தான். அடுத்த வாரம் வார்டு சுவரில் சிரித்த முகம் போட்ட போஸ்டர் ஒட்டினார்கள். ஆள் போடவில்லை.

இப்போது அவளைப் பற்றிச் சொல்கிறேன்.

என்னோடு பகல் டூட்டி பார்த்த இன்னொரு நர்ஸ். அவள் அப்பா விம்கோ நகரில் முப்பது வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். தெற்கேயிருந்து வந்த குடும்பம். அவள் இங்கேயே பிறந்தவள், பேச்சு மட்டும் அப்பாவோடு ரயிலேறி வந்தது அப்படியே இருந்தது. "வாரேன்க்கா", "சொல்லுதேன்க்கா" என்பாள். அதனால் வார்டு முழுக்க அவளுக்குத் தூத்துக்குடி என்று பெயர். வேலையில் அவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. ஊசி போட நரம்பு கிடைக்காத கையில் அவள் விரலை வைத்தால் கிடைக்கும். எரிந்து விழும் நோயாளியிடம் அவள் பேசுவதைக் கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கும். நான் ஒரு நாளில் பத்துப் பேரைத் திட்டுவேன். அவள் திட்டி நான் கேட்டதே இல்லை.

ஆனால் அவள் ஒப்பந்தத்தில் இருந்தாள். வருடா வருடம் கையெழுத்துப் போட்டு ஓட்டுவது. ஒப்பந்தத்தில் இருப்பவள் பிரசவத்துக்குப் போனால், திரும்பி வரும்போது அவள் இடத்தில் வேறொருத்தி நிற்பாள். இப்படிப் போன மூன்று பேரை எனக்குத் தெரியும். இவளுக்கு அப்போது ஐந்து மாதம். நிரந்தரம் ஆக்கப்போகும் பட்டியலில் இவள் பெயர் இருந்தது. பட்டியல் வெளியாகும்வரை வயிற்றை ஆபீஸுக்குத் தெரியாமல் வைத்திருந்தால் பிழைத்தாள். நடுவில் ஒரு மெமோ வந்தால் பெயரை அடித்துவிடுவார்கள்.

வார்டுக்கு மட்டும் தெரியும். வயிற்றை மறைக்கப் பெரிய கோட்டு ஒன்றை ஆயாம்மாதான் எங்கிருந்தோ பிடித்து வந்தார். கனமான சிலிண்டரை அவள் தொட்டால், "ஏய் தூத்துக்குடி, கைய எடு, நீ இன்னா பயில்வானா?" என்று கத்துவார். அந்த மாதங்களில் டிரம் பார்க்க அதிகம் போனவள் அவள்தான். அவளுக்கு அழ ஒன்றும் இல்லை. காலை நீட்டி உட்கார ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் அவளுக்காக இன்னொரு ஸ்டூல் தேடி வைத்தார், கால் வைக்க.

அந்த நாள் காலை ஏழரைக்கு நாங்கள் இருவரும் டூட்டிக்கு வந்தோம். பதினான்காம் கட்டிலில் மெத்தை மடித்திருந்தது. அங்கே இருபது நாளாக இருந்தவர் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்த ஒரு பெரியவர். குடலில் கட்டி. உப்பில்லாத சாப்பாடு. தினமும் காலையில் இவளைப் பார்த்ததும், "இன்னா தூத்துக்குடி, உப்பு கொணாந்தியா?" என்று கேட்பார். "மூட்டை வருது தாத்தா, லாரி கத்திவாக்கத்துல நிக்கி," என்று இவள் சொல்வாள். தினமும் அதே கேள்வி, அதே பதில், இருவருக்கும் சலித்ததே இல்லை. விடிகாலையில் இறந்துவிட்டார்.

இவள் மெத்தையைப் பார்த்தாள். கேஸ் ஷீட்டுகளை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். நான் கவனித்தேனா? இல்லை. எனக்கு அன்று ஏழு டிரெஸ்ஸிங், இரண்டு ஆபரேஷன் கேஸ். அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. இதை மறைத்து எழுதுவதில் அர்த்தம் இல்லை.

பதினொரு மணி இருக்கும். மூன்றாம் கட்டிலில் இருந்த மீனவர் இருமினார். வயிற்றில் போட்ட தையல் மொத்தமும் விட்டுவிட்டது. சர்ஜன் அந்த நேரம் வார்டிலேயே இருந்தார், நல்ல வேளை. அவரும் நானும் கையுறை போட்டு, குடல் வெளியே வராமல் உப்புநீரில் நனைத்த பேடுகளை வைத்து அழுத்திப் பிடித்தோம். இருந்தது இரண்டு பேடு. பக்கத்து வார்டில் வாங்கியது இரண்டு. போதவில்லை. ஆயாம்மா ரத்த மாதிரியோடு லேபுக்குப் போயிருந்தார். ஆபரேஷன் தியேட்டர் காலியாக இன்னும் நேரம் இருந்தது.

நான் கையை எடுக்க முடியாது. தலையைத் திருப்பினேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றிருந்தாள். சொன்னேன்:

"டிரம் வந்துச்சா பாத்துட்டு வா."

ஒரு கணம் அவள் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

நோயாளியைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். சீக்கிரம் வா என்றுகூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருப்பதாகவே தோன்றவில்லை.

ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். "எங்கம்மா போனாங்க அவங்க?" என்று சர்ஜன் கேட்டார். பிறகு கத்தினார். அவர் கத்தியதில் தப்பு இல்லை. ஒரு மனிதனின் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். அப்போதுதான் லேபிலிருந்து ஆயாம்மா வந்தார்.

"ஆயாம்மா, டிரம்! ஓடு!"

"இன்னா சிஸ்டரு, டாக்டர் கத்தறாருன்னு நீ இப்ப எனுக்கு டிரம் சொல்றியா? நான் நல்லாத்தான் கீறேன்."

நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்பது அந்த நொடியில்தான் உறைத்தது.

"நெஜ டிரம் ஆயாம்மா! நெஜ டிரம்!"

ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. செருப்பை வார்டு வாசலிலேயே விட்டுவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது இடுப்பில் ஒரு டிரம், தலைக்கு மேல் ஒரு டிரம். மீனவர் தியேட்டருக்குப் போனார், மறுபடி தைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பதினைந்து நிமிடம் நர்ஸ் இல்லை என்பது சர்ஜனின் குறிப்பில் ஏறிவிட்டது.

கீழே நடந்தது இதுதான். அவள் போய் நின்றதும் அண்ணன் வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்து அழுதாள். அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் மூன்று டிரம், வேலை முடிந்து, ஆறி, வரிசையாக இருந்தன. அவளும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் அவள் எழுந்திருக்கப் பார்த்தபோது, "இன்னும் பத்து நிமிசம் ஆவும்மா, உக்காரு," என்று அவர்தான் உட்கார வைத்திருக்கிறார்.

மாலைக்குள் அவள் பெயருக்கு மெமோ வந்தது. மறுநாள் காலைக்குள் விளக்கம் தர வேண்டும். அவள் அதைப் படித்துவிட்டு என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று.

"நீங்க என்னையக் கவனிச்சிட்டீங்கன்னு நெனச்சேன்க்கா. தாத்தா போனத நீங்க மட்டுந்தான் கவனிச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

என்னை அவள் கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆயாம்மாவும் அண்ணனும் ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. லினன் அறையில் நால்வரும் நின்றோம். அண்ணன் சொன்னார், "வால்வு லீக்காச்சு, டிரம் ரெடியாவலன்னு நான் எழுதிக் குடுக்கறேன். எனக்கு இன்னும் ஒன்ற வருசம்தான் சர்வீசு. இன்னா பண்ணிடுவாங்க?"

"நீ கம்முனு இரு மாமு," என்றார் ஆயாம்மா. "மிசின பார்க்க இஞ்சினீரு வந்தான்னா மாட்டிக்குவ. நான் சொல்றேன். டிரம்ம நான்தான் தூக்கினு போய் வேற வார்டுல வெச்சுட்டேன்னு."

"ரெண்டு பேரும் பொய் சொல்லாதீங்க," என்றேன் நான். "தப்பு என் வாயில. நான் எழுதறேன்."

"ஒருத்தரும் எழுத வேண்டாம்," என்றாள் தூத்துக்குடி. "போனது நான். உக்காந்தது நான். என் காயிதத்த நான் எழுதுதேன்."

சரி என்று எல்லோரும் தலையாட்டினோம். ஒருவரும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அன்று மாலை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் எழுதினோம். ஆயாம்மாவுக்கு எழுத வராது. பக்கத்து வார்டு நர்ஸைப் பிடித்து எழுத வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மறுநாள் காலை நர்சிங் சூப்பரிண்டெண்ட் மேடம் நால்வரையும் கூப்பிட்டார். சர்ஜனும் உட்கார்ந்திருந்தார். மேடத்தை எனக்குப் பிடிக்காது. இப்போதும் அதிகம் பிடிக்காது. தொப்பி கோணலாக இருந்தால் வாசலில் வைத்துத் திட்டுகிற ஆள். நான்கு காகிதங்களையும் மேஜையில் சீட்டுக்கட்டு போலப் பரப்பினார்.

"வால்வு லீக் ஆச்சு, டிரம் ரெடியாகல. இது ஒண்ணு. டிரம்ம எடுத்துட்டு வரும்போது தலை சுத்தி, வழி தவறி, மூணாவது மாடி மகப்பேறு வார்டுக்குப் போயிட்டேன். இது ஒண்ணு. ஏம்மா, இருபது வருசமா இங்க இருக்கீங்க, வழி தவறுமா?"

"தல சுத்திச்சி மேடம்," என்றார் ஆயாம்மா.

"தலை சுத்தினா கீழ விழுவாங்க. நீங்க எப்படி மாடி ஏறினீங்க?"

"கொஞ்சம் மெர்சலாய்ட்டேன் மேடம்."

சர்ஜன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேடம் என் காகிதத்தை எடுத்தார். "'நான் டிரம் பார்த்து வரச் சொன்னேன். அவர் சரியாகப் புரிந்துகொண்டார். நான்தான் தவறாகச் சொன்னேன்.' இது எனக்குச் சுத்தமாப் புரியல." கடைசியாக அவளுடையது. "'போனேன். உட்கார்ந்திருந்தேன். டிரம் கேட்கவில்லை. மன்னிக்கவும்.' நாலு பேர், நாலு கதை. இதுல எது நெஜம்?"

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். டிரம் என்றால் எங்களுக்கு என்ன என்று சொன்னேன். நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர், மூத்திரம் போக நேரமில்லை, கையை முறுக்குகிறான், அம்மாவை இழுக்கிறான், இருபது நாள் பார்த்த ஆள் செத்துப் போனால் அடுத்த கட்டிலுக்கு ஊசி போடப் போக வேண்டும், போஸ்டரைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமா என்று கேட்டேன். குரல் ஏறிவிட்டது. இந்த அம்மாவும் இந்த அண்ணனும் இல்லையென்றால் உங்கள் நர்ஸ்களில் பாதிப் பேர் எப்போதோ ஓடிப்போயிருப்பார்கள், நான் ஜெயிலில் இருந்திருப்பேன் என்றேன். நேற்று நெஜ டிரம்முக்கும் அதே வார்த்தையைச் சொன்னது என் புத்திகெட்டத்தனம், அதற்கு அவள் பெயரை அடிக்காதீர்கள் என்றேன்.

சர்ஜன் அண்ணனைப் பார்த்தார்.

"அப்ப டிரம் எங்க இருந்துச்சு?"

"அவங்க முழங்காலாண்ட சார். மூணு."

"மூணு ரெடியா இருந்துச்சு. நீங்க இன்னும் பத்து நிமிசம் ஆகும்னு சொன்னீங்க."

"ஆமா சார்."

"ஏன்?"

"அவங்க அழுதுகினு இருந்தாங்க சார்."

சர்ஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஒரு ஆளோட வயித்தப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். என் கோவம் நியாயமா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க சிஸ்டர்," என்றார் என்னிடம்.

"நியாயம் சார்," என்றேன். அதுவும் உண்மைதான்.

மேடம் தூத்துக்குடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய கோட்டை, அதன் மேல் கோத்து வைத்திருந்த கையை.

"எத்தன மாசம்?"

அவள் கோட்டை இழுத்துவிட்டாள். "அஞ்சு மேடம்."

"ஆபீஸுக்கு ஏன் சொல்லல?"

"லிஸ்ட் வரட்டும்னு மேடம்."

ஏன் என்று மேடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அந்த மூன்று பேரைப் போகவிட்டதும் அவர் கையெழுத்துதான். நான்கு காகிதங்களையும் அடுக்கி வைத்தார். பிறகு சர்ஜனிடம், "உங்க குறிப்புல பேர் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. நர்ஸ் இல்லைன்னுதான் எழுதியிருக்கேன். அத மாத்த மாட்டேன்."

"மாத்த வேண்டாம்," என்றார் மேடம். பேனாவை எடுத்தார். அவசர நேரத்தில் தெளிவில்லாமல் உத்தரவு கொடுத்ததற்காக என் பெயருக்கு ஒரு மெமோ எழுதினார். வார்டில் எப்போதும் ஒரு டிரம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று தனியாக ஓர் உத்தரவு எழுதினார். அவளுடைய மெமோவை எடுத்து நான்காக மடித்துத் தன் டிராயரில் போட்டுப் பூட்டினார். அண்ணனின் காகிதத்தையும் ஆயாம்மாவின் காகிதத்தையும் அவர்களிடமே நீட்டினார்.

"இனிமே பொய் எழுதறதுன்னா ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு எழுதுங்க."

நாங்கள் கதவுக்குப் போனபோது மறுபடி கூப்பிட்டார். "அந்த வார்த்தைய மாத்துங்க. டிரம்முன்னு சொன்னா எல்லாருக்கும் டிரம்மா இருக்கணும். உங்க விஷயத்துக்கு வேற எதையாவது சொல்லித் தொலைங்க."

நிறுத்தச் சொல்லவில்லை. மாற்றத்தான் சொன்னார். வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அது எனக்கு விளங்கியது.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு புது வார்த்தைக்கு மூளையைக் கசக்கினோம். ஆயாம்மா சொன்ன எதையும் இங்கே எழுத முடியாது. அண்ணன், "ஆஸ்பத்திரியில இல்லாத பொருளா சொல்லுங்க, அப்பதான் குழப்பம் வராது," என்றார். "போதுமான ஆள்னு வெச்சுக்கலாமா?" என்றேன். ஒரு வழியாக ஒன்று முடிவானது. அது வார்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

வார்டு இன்சார்ஜ் பொறுப்பு அந்த வருடம் எனக்கு வந்திருக்க வேண்டும். வேறொருத்திக்குப் போனது. மெமோ ஃபைலில் இருக்கிறது, இருக்கட்டும். அதை எடுக்கச் சொல்லி நான் யாரிடமும் போய் நிற்கவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னவள் நான்தானே.

அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது பட்டியல் வந்தது. அவள் பெயர் இருந்தது. நிரந்தரமானவர்களுக்கு வருகைப் பதிவேடு தனி, ஆபீஸ் வாசலில் மேஜை மேல் இருக்கும். மறுநாள் காலை நானும் ஆயாம்மாவும் கூடவே போனோம். அவள் பதிவேட்டைத் திருப்பித் தன் பெயரைத் தேடினாள். கடைசி வரியில், புது மையில் எழுதியிருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"இன்னா பாத்துகினே கீற?" என்றார் ஆயாம்மா. "போடு. போட்டுட்டு நாளைக்கே லீவு லெட்டரு எழுது. வயிறு மேஜைல இடிக்குது பாரு."

அவள் சிரித்துக்கொண்டே கொஞ்சம் தள்ளி நின்று, கையை நீட்டி, கையெழுத்துப் போட்டாள்.